எல்லாக் காட்டிலும் தண்ணீர்

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடே எடுத்துப் படித்தேன். இந்தப் பருவத்திலிருந்து நம் பள்ளியில் நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ரேங்க் கிடையாது. பக்கம் பக்கமாக எழுதும் வீட்டுப்பாடம் கிடையாது. பிள்ளைகள் கேள்வி கேட்டுத் தேடிப் படிக்கப் போகிறார்கள். மாவட்டத்தில் சில பள்ளிகளில் இதைச் செய்து பார்க்கிறார்கள், அதில் நம் பள்ளியும் ஒன்று. வெள்ளிக்கிழமை பெற்றோர் தவறாமல் வரவும். கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள் வந்து விழுந்தன. நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்டுவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். செய்து பார்க்கிறார்கள் என்ற சொல் மட்டும் மனதில் நின்றது. என் மகள் நான்காம் வகுப்பு. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

நான் படித்தது நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில். விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, கேள்வியின் எண்ணைச் சொன்னாலே பதில் வாயில் வரும் அளவுக்குப் படித்தோம். விடைத்தாளில் எந்த வரிக்குக் கீழே கோடு போட வேண்டும் என்பது வரை சொல்லித் தந்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்கினேன். வேதியியலில் பட்டமும் அதன்மேல் பி.எட்.டும் முடித்தேன். வேலைக்குப் போகவில்லை. இன்றைக்கு அந்தப் பதில்களில் ஒன்றுகூட நினைவில்லை. ஆனாலும் இந்த ஊரில் என்னைப் படித்த மருமகள் என்று சொல்வது அந்த மதிப்பெண்ணால்தான். அந்த வழி சரியில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். அது சரியில்லை என்றால் நான் என்ன படித்தேன்?

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் மாமனாரும் கொழுந்தனும் நானும் மகளும். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். வண்டி திருச்செங்கோட்டுக்காரருடையது என்றாலும் வருடத்தின் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தில்தான் ஓடும். வீட்டில் எந்த முடிவும் மாமனாருடையது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர் ஒன்று சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். வகுப்பாசிரியை என்னைவிட ஓரிரண்டு வயதுதான் பெரியவர், ஆத்தூர்க்காரர். அவர் பேச்சே எங்களுக்குக் கொஞ்சம் வேற்றூராகத்தான் கேட்கும். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய பொருள். இந்தப் பருவத்துக்குத் தண்ணீர். கணக்கும் அறிவியலும் தமிழும் அதற்குள்ளேயே வரும். முன்வரிசையில் இருந்த லாரிக்காரர் ஒருவர் எழுந்தார்.

"மார்க்கு இல்லீன்னா பையன் படிக்கறானா இல்லையான்னு எப்படீங் டீச்சர் தெரியும்? கிலோமீட்டர் காட்டற முள்ளைப் புடுங்கிப் போட்டுட்டு லாரிய ஓட்டச் சொல்ற மாதிரி இருக்குது."

"முள்ளையே பார்த்துகிட்டு ஓட்டுனா ரோட்டைப் பார்க்க மாட்டீங்களே அண்ணா."

"நான் ரெண்டையும் பாத்துத்தானுங்க ஓட்டறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். ஆனால் லாரிக்காரர் கேட்டதுதான் என் கேள்வியும்.

இது முடிந்த முடிவு இல்லை என்று ஆசிரியை சொன்னார். பருவக் கடைசியில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அலுவலர் வருவார். பெற்றோரோடு உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பேசி அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போடுவார்கள். அதற்குப் பெற்றோர் சார்பில் ஒருவர் வேண்டும். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "படிச்ச புள்ள இருக்கறப்ப நமக்கென்னங்" என்றார் பின்னாலிருந்து ஒரு அம்மா. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கை தட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமனார் வேறு எதுவும் கேட்கவில்லை. "மெட்ரிக் பள்ளிக்கூடத்து வேனு நம்ம ரோட்டுலதான் போவுது அம்மிணி. பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு என் மகள் பையில் புத்தகத்தோடு வேறு என்னென்னவோ கொண்டுவர ஆரம்பித்தாள். மண்ணை வடிகட்டிய துணி, மழை அளக்க வெட்டிய பாட்டில், எங்கேயோ பொறுக்கிய ஓடு. நோட்டில் எழுத்து குறைந்துகொண்டே வந்தது. எழுத்து கோணிப்போய்விடுமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாலையில் உட்காரவைத்து டிக்டேஷன் போட்டேன். "டீச்சர்கிட்டச் சொல்லாதே" என்றும் சொன்னேன். சொன்ன பிறகு, இந்த வயதில் ஒளிக்கச் சொல்லித் தருகிறேனே என்று அதற்கும் ஒரு கவலை. டிக்டேஷனை நிறுத்தினேன். நிறுத்தினது தப்போ என்று மறுநாளே திரும்பத் தொடங்கினேன்.

ஒரு நாள் மாலை மாமனார் பால் கறந்துகொண்டிருந்தார். மகள் அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அப்பாரு, நம்ம காட்டுல எத்தன போர் போட்டீங்க? எத்தனைல தண்ணி வந்துச்சு?"

எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைத்தான் காடு என்போம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர்.

"எதுக்குச் சாமி?"

"டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எல்லாரு ஊட்டுலயும் கேக்கோணும்."

"ஒண்ணுன்னு சொல்லு. தண்ணி பொத்துக்கிட்டு வந்துச்சுன்னு சொல்லு."

"அப்ப மோட்டார் ரூமுக்குப் பின்னால கல்லு வெச்சு மூடியிருக்கறது? அந்தப் பக்கம் போவாதேன்னு சொல்லுவீங்கல்ல. தென்னைகிட்டவும் ஒண்ணு இருக்குதே."

மாமனார் பசுவின் மடியையே பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் கணக்குல வராது" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

போர் தோற்றால் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ரிக் வண்டி வந்து நிற்கும்போது ஊரே கூடும். கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து ஆரம்பிப்பார்கள். தண்ணீர் வந்தால் ஆளாளுக்கு அதைப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். வெறும் புழுதி மட்டும் பறந்தால், பார்க்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவிப் போவார்கள். அதோடு அந்தக் குழிக்கு மூடி போட்டுக் கல் வைத்துவிட்டால் முடிந்தது. யாரும் கேட்கவும் மாட்டார்கள், யாரும் சொல்லவும் மாட்டார்கள். பெண் எடுக்கிற இடத்தில் சொல்லவே மாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடமும் வற்றாத காடு என்றுதான் சொன்னார்கள். அப்பாவும் எங்கள் காட்டைப் பற்றி அப்படியேதான் சொன்னார்.

அப்போது கொழுந்தனுக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பெண்ணின் பெரியப்பா எங்கள் ஊரிலேயே, பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில் இருக்கிறார். அவர் பேரனும் என் மகள் வகுப்புதான். மாமனார் யாரை நினைத்து ஒன்று என்று சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

"அப்பாரு சொன்னதையே சொல்லு கண்ணு" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். காலையில் தலை பின்னும்போது அதை அவளுக்கு ஒப்பிக்கவும் வைத்தேன். "முழு வாக்கியமாச் சொல்லு. எங்கள் காட்டில் ஒரு ஆழ்துளைக் கிணறு உள்ளது. அதில் தண்ணீர் வந்தது." அவள் தடங்கல் இல்லாமல் சொன்னாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. பள்ளிக்கூடம் கேட்ட கேள்விக்குப் பிள்ளை பிசிறில்லாமல் பதில் சொல்லிவிடும் என்ற நிம்மதிதான் எனக்கு. அந்தப் பதில் பொய் என்பது ரிப்பன் கட்டி முடிக்கும்வரை உறைக்கவே இல்லை.

அந்த வாரம், பெற்றோர் சார்பில் என்னைச் சேர்த்த பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்குப் போனபோது அந்தப் படத்தைப் பார்த்தேன். புங்க மரத்தடியில் தரையைப் பெருக்கிச் சமன் செய்து, கோலப்பொடியால் ஊரை வரைந்திருந்தார்கள். ரோடு, ஏரி, கோயில், ஒவ்வொரு காடும் ஒரு கட்டமாக. தண்ணீர் வந்த போருக்கு ஒரு வேப்பிலை, வராத போருக்கு ஒரு சரளைக்கல் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர் முழுக்க வேப்பிலை. பச்சைப் பசேல் என்று இருந்தது. பொறுக்கி வைத்த சரளைக்கல் ஓரத்தில் குவியலாக அப்படியே கிடந்தது. ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை.

ஆசிரியை என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க ஆத்தூர்ல கூட இவ்வளவு தண்ணி இல்லைங்க. பார்க்கவே கண்ணு குளிருது" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு முகம் சுட்டது. எல்லா வீட்டிலும் எங்கள் வீட்டைப் போலவே நடந்திருக்கிறது. ஏதோ ஒரு அடுப்படியிலோ மாட்டுக் கொட்டகையிலோ ஒவ்வொரு பிள்ளையும் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ, பள்ளிக்கூடத்துக்கு நல்ல பதிலாகப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் மட்டும் முழு வாக்கியமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் டேங்கர் லாரி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அந்தப் பெரியப்பாவின் பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், எல்லாக் காட்டுலயும் தண்ணி இருந்தா டேங்கர் எதுக்குங்?" என்று கேட்டான்.

"நீங்கதானே கேட்டுகிட்டு வந்தீங்க? யாரைக் கேட்டா சரியாத் தெரியும்?"

பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊராட்சித் தலைவர், டேங்கர்காரர், கரண்ட் ஆபீஸ். என் மகள் கையைத் தூக்கினாள். "எங்கப்பா ரிக்லதான் இருக்காங்க டீச்சர். அவங்களுக்குத் தெரியும்."

எனக்கு அப்போதே ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம் என்று பிறகு பல தடவை தோன்றியிருக்கிறது. என்ன சொல்லித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை கணவர் கூப்பிட்டபோது, நான் கையைத் துடைப்பதற்குள் அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மாமனார் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நம்ம காட்டுல எத்தன போர் போட்டோம்?"

"மூணு சாமி. ஏன்?"

"எத்தனைல தண்ணி?"

"ஒண்ணுலதான். மத்த ரெண்டும் பொகை. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். தலையெல்லாம் மாவு மில்லுல இருந்து வந்தவனாட்ட ஆயிருச்சு." சிரித்தார். தண்ணீர் இல்லாமல் புழுதி மட்டும் வந்தால் ரிக்காரர்கள் பொகை என்றுதான் சொல்வார்கள். "எதுக்குக் கண்ணு கேக்கற?"

"பள்ளிக்கூடத்துக்கு. அப்பாரு ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னாங்க."

"அப்பாரு எங்க சாமி இருக்காங்க?"

"இங்கதான் கட்டல்ல. கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"அப்படியா. இங்க ரிக்கு சத்தம் சாமி, ஒண்ணுமே காதுல உளுகல. அப்பறம் கூப்படறேன்" என்று வைத்துவிட்டார். ரிக் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் யாரோ தட்டு கழுவுகிற சத்தம்தான் கேட்டது.

மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். காலையில் காட்டுக்குப் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்த ஆபீசர் வர்ற அன்னிக்கு டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துரு அம்மிணி. மெட்ரிக்ல சேத்திரலாம். படிக்க அனுப்புனா, அவங்கவங்க ஊட்டு மானத்த எண்ணிக்கிட்டு வரச் சொல்றாங்க."

"சரிங் மாமா" என்றேன்.

டி.சி. என்பது வெறும் காகிதம், ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் முதலிலிருந்தே விரும்பியதும் அதுதானே. ரேங்க் இருக்கும், நோட்டு இருக்கும், அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெரியப்பா காதுக்குப் போகாமல் இருந்தால் கொழுந்தன் கல்யாணமும் நடக்கும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலை மகள் என் பக்கத்தில் வந்து, "நான் தப்பாக் கேட்டுட்டனாம்மா?" என்றாள். இல்லை என்று சொன்னால் மாமனார் செய்தது தப்பு என்று ஆகும். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பால் ஆறுது, குடி" என்றேன். அதற்குப் பிறகு அவள் வீட்டில் எதுவுமே கேட்கவில்லை. சொன்ன வேலையைச் செய்தாள், டிக்டேஷனைப் பிழையில்லாமல் எழுதினாள். நான் எந்த அமைதிக்கு ஆசைப்பட்டேனோ அது வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, டி.சி. வாங்கச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?"

"அப்பா சொல்றதச் செய்யி. இல்லீன்னா உனக்கு எது செரின்னு படுதோ அதச் செய்யி."

"ரெண்டும் வேற வேறயா இருந்தா?"

"அதுக்குத்தான் ஊட்டுல படிச்சவ ஒருத்தி இருக்கா" என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "அவள வையாதீங்க. எம்மேலதான் தப்பு. நாந்தான் ஒளறிட்டேன்" என்றார். உண்மையைச் சொன்னதை உளறல் என்று அவர் சொன்னதும், மாமனார், அவர், நான், மூன்று பேரும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறோம் என்று தோன்றியது.

அலுவலர் வரும் நாளில் மாமனாரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் எழுதிக் கொடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் வருகிறார் என்று நினைத்தேன். விண்ணப்பம் என் கைப்பையில் இருந்தது. புங்க மரத்தடியில் ஊர்ப் படத்தைப் புதிதாக வரைந்து, சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அலுவலர் நடுத்தர வயதுக்காரர். பேச்சைத் தொடங்காமல், முதலில் பிள்ளைகள் என்னவோ செய்ய வேண்டுமாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

என் மகளும் அந்தப் பேரனும் ஒரு எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டி, கை நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் வைத்திருந்தார்கள். பேரன்தான் சொன்னான்.

"போன தடவ கேட்டப்ப எல்லாரும் தண்ணி வந்துச்சுன்னு சொன்னீங்க. பெரியவங்களுக்குச் சொல்ல வெக்கமா இருக்கும்னு நாங்க பேசுனோம். அதனால ஊட்டுக்கு ஒருத்தரா வந்து, தண்ணி வந்த போருக்கு வேப்பில, வராத போருக்குக் கல்லு, இதுக்குள்ள போட்டுருங்க. யாரு போட்டதுன்னு தெரியாது. நாங்களும் பாக்க மாட்டோம்."

இதைப் பற்றி மகள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வீட்டில் கேட்பதை நிறுத்தியிருந்தாள், பள்ளிக்கூடத்தில் நிறுத்தவில்லை.

பிள்ளைகள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். சத்தத்தை யோசிக்கவில்லை.

முதலில் லாரிக்காரர் போனார். இலையும் கல்லும் வைத்து மகள் நீட்டிய தட்டிலிருந்து எதை எடுத்தார் என்று கையால் மறைத்துக்கொண்டார். கையைக் குடத்துக்குள் விட்டதும் ணங் என்று கேட்டது. எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"கை தவறிருச்சுங்" என்றார் அவர். மறுபடியும் ணங்.

"அதுவும் தவறிருச்சா மாப்ள?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. லாரிக்காரரும் சிரித்துவிட்டார். அடுத்தவர் போனார், ணங். அதற்கடுத்தவர், ணங், ணங். இலை விழுந்தால் சத்தம் வராது. எனவே எல்லாரும் சத்தம் வராத நேரத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பெண்ணின் பெரியப்பா போனபோது கூட்டம் கொஞ்சம் அடங்கியது. கல் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"மாமா, இன்னும் கல்லு பொறுக்கியாரட்டுங்களா?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"இருக்கறதத்தாண்டா போடறேன். உனக்கென்ன" என்று சொல்லிவிட்டு அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டு முறை வந்தது. மாமனார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், அசையவில்லை. நான்தான் எழுந்தேன். தட்டை நீட்டிக்கொண்டு நின்றது என் மகள். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க மாட்டோம் என்று சொன்னதைக் காப்பாற்றினாள். நான் ஒரு இலையை எடுத்தேன். அதோடு போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். தட்டு நகரவில்லை. இரண்டு கல்லையும் எடுத்தேன். குடத்துக்குள் கையை நன்றாக இறக்கி, சத்தம் வராமல் உள்பக்கச் சுவரோடு வழியவிட்டால் போதும் என்று பார்த்தேன். மற்றவர்கள் போட்ட கல் ஒரே சத்தத்தில் முடிந்தது. என்னுடையது கரகரவென்று நீளமாக இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தேன்.

குடத்தைப் படத்தின் நடுவில் கவிழ்த்தார்கள். கல் ஒரு குவியல். அதற்குள் அங்கங்கே வதங்கிய இலை. யாரும் சிரிக்கவில்லை. தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாள் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தது அங்கே குவிந்து கிடந்தது. ஒரு பிள்ளை மெதுவாக, "ஏரிப் பக்கத்துக் காட்டுக்காரங்க மட்டும் எந்திரிச்சு உங்க கல்லு எத்தனைன்னு சொல்றீங்களா?" என்று கேட்க, ஆசிரியை, "இன்னைக்கு இது போதும்" என்று உட்காரவைத்தார்.

பிறகு அலுவலர் பேசச் சொன்னார். மார்க்கு வேண்டும் என்றார்கள், கையெழுத்துப் பயிற்சி வேண்டும் என்றார்கள், பிள்ளைகளை வெயிலில் சுற்றவிடக் கூடாது என்றார்கள். கடைசியாக என்னைப் பார்த்தார். வீட்டில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"இந்த மாதிரிக் கேள்வியப் பிள்ளைகிட்ட மட்டும் குடுத்து அனுப்பாதீங்க" என்றேன். "அது வந்து கேக்கறப்ப, பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் புடிக்கும்னுதான் எங்களுக்குத் தோணுது. நான் எம்புள்ளைக்கு மனப்பாடம் பண்ணிக் குடுத்து அனுப்புனேன். ஊட்டுல இருக்கறவங்கள முதல்ல கூப்பிட்டுச் சொல்லுங்க. இல்லீன்னா எங்க பொய்ய அது தூக்கிக்கிட்டு வரோணும்."

அலுவலர் எழுதிக்கொண்டார். "திட்டம் எழுதறதுக்கு நீங்க அவசியம் வரணும்மா. பாப்பா அடுத்த பருவமும் இங்கதானே?"

நான் மாமனார் நின்ற பக்கம் பார்த்தேன். அங்கே அவர் இல்லை. "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். அதற்குமேல் தைரியம் வரவில்லை. விண்ணப்பத்தைக் கொடுக்கவும் இல்லை.

வெளியே வந்தபோது மாமனாரும் அந்தப் பெரியப்பாவும் ரோட்டோரமாக முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மோர் கேட்டார், குடித்தார், படுத்துவிட்டார். மறுநாளும் ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தனின் இடம் போய்விட்டது, என்னால்தான் போய்விட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன். பொறுக்க முடியாமல், மாட்டுக்குத் தீவனம் போடும்போது நானே போய் நின்றேன்.

"மாமா, டி.சி. எழுதிக் குடுக்கலீங்."

"தெரியும்."

"குடுக்கட்டுங்களா?"

அவர் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டை உலுக்கிக்கொண்டிருந்தார். "அவரு காட்டுல அஞ்சு பொகையாம்" என்றார். "என்னையவிட முட்டாளு. அந்த ஆளுகிட்டப் போயி நான் மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்." சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை மட்டும் அசைந்தது. "வர்ற வாரம் பொண்ணு ஊட்டுக்காரங்க வர்றாங்களாம், பேசி முடிக்கலாம்னு."

நான் டி.சி.க்குப் பதில் வருமென்று நின்றேன்.

"அந்த ஆபீசர் கூட்டம் மறுபடி எப்பொ?"

"மாசக் கடைசிலீங். என்னைய வரச் சொல்லியிருக்காங்க. போகட்டுங்களா, வேண்டாங்களா?"

"போ. போயி, எத வேணா மாத்துங்க, வாய்ப்பாட்ட மட்டும் உடக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாச் சொல்லோணும். அது தெரியாம என்னத்தக் கேள்வி கேட்டு என்னத்தக் கண்டுபுடிக்கறது."

திட்டக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்கள். ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போல எனக்குப் பட்டது. பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருக்க இதையாவது கொடுக்க வேண்டியிருந்தது என்று அவரிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. நான் கொடுத்தது மாமனாருக்காகவா, எனக்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை. வாய்ப்பாடு என்று கேட்டதும் எனக்கும் மூச்சு சீராகத்தான் வந்தது.

வீட்டில் மகள் என்னை முறைத்தாள். "நீதான் சொன்னியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். இப்போது தினமும் காலையில் அவள் தலை பின்னும் நேரம் வாய்ப்பாடு நேரம். அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு, அதற்கடுத்து ஆறாம் வகுப்பு வேறு பள்ளிக்கூடம். அங்கே இந்த முறை இருக்குமா, இவள் பின்தங்கிப் போவாளா என்ற கணக்கு எனக்குத் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நேற்று பதினாறை முடித்துவிட்டுத் தலையைத் திருப்பினாள்.

"எதுக்கும்மா பதினாறோட நிறுத்தறாங்க? பதினேழு ஏன் இல்லை?"

எனக்குத் தெரியவில்லை. நான் படித்தபோது யாரும் அதைக் கேட்டதில்லை. "தெரியல கண்ணு. அப்பாருகிட்டக் கேளு" என்றேன்.

ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் அவிழ்ந்த தலையோடு வாசலுக்கு ஓடினாள். நான் ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று அடுப்படியிலேயே நின்றேன்.